அன்பளிப்பு தவிர்க்கவும்

கமருஸ்ஸமான் பாய் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்றாவது வந்து சேராத வீடு எங்கள் புதுச்சேரியில் இருக்குமா என்பது சந்தேகம்தான். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், பூக்கடைகளைத் தாண்டினால் வரும் சந்தில் அவருடைய அச்சகம் இருக்கிறது. அச்சகம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய அளவு இடம். சுவரில் மாதிரிப் பத்திரிகைகள். பிள்ளையார் போட்டதும் சிலுவை போட்டதும் பிறை போட்டதும் ஒரே கம்பியில் கோத்துத் தொங்கும்.

எந்தச் சாமி போட்ட பத்திரிகையாக இருந்தாலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: 'அன்பளிப்பு தவிர்க்கவும்.' யாரும் கேட்க வேண்டாம், அவராகவே போட்டுவிடுவார். வேண்டாம் என்கிறவர்கள்தான் சண்டை போட்டு எடுக்க வைக்க வேண்டும். என் கல்யாணத்துக்கு என் அப்பா அப்படித்தான் சண்டை போட்டார்.

"ஊரெல்லாம் நான் வச்ச மொய்ய நீயா திருப்பித் தருவ?" என்று அப்பா கத்தினார்.

பாய் அப்போது இளைஞர். அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். "மாமா, குடுத்தத திரும்ப கேக்கணும்னா கடுதாசி போடுங்க. இது பத்திரிகை" என்றார்.

கடைசியில் அப்பாதான் ஜெயித்தார். என் பத்திரிகையில் அந்த வரி இல்லை. ஆனால் அதற்கப்புறம் கொஞ்ச நாள், தெருவில் அப்பாவைப் பார்த்தால் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இந்த மனிதருக்கு அடுத்தவர் வீட்டு மொய்ப்பணத்தில் என்ன வயிற்றெரிச்சல் என்று நான் அப்போதே நினைத்தேன்.

நான் பார்வதி. மின்துறை அலுவலகத்தில் பில் பிரிவில் காலமெல்லாம் குப்பை கொட்டிவிட்டு இப்போது உழவர்கரையில் வீட்டோடு இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். என் வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில் துணைக்கை என்று ஒரு சின்னப் பள்ளி நடக்கிறது. கை கால் சரியாக வராத பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள், வளர்ந்தும் குழந்தையாகவே இருக்கிற பிள்ளைகள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போவார்கள். அந்தப் பள்ளிக்கும் எனக்கும் முதல் பழக்கமே சண்டையில்தான் ஆரம்பித்தது. அவர்கள் வேன் தினமும் என் வாசலை மறித்துக்கொண்டு நிற்கும், போதாததற்கு ஹாரன் வேறு. ஒருநாள் கேட்டுவிடுவது என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். பள்ளியை நடத்துகிற ரோசா டீச்சர் என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நான் திரும்பி வரும்போது அந்தப் பள்ளிக் கமிட்டியில் பொருளாளர் ஆகியிருந்தேன். எப்படி நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அங்கேதான் ஹிபாவைப் பார்த்தேன். கமருஸ்ஸமான் பாய்க்கும் அக்தர் பேகத்துக்கும் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். இப்போது வயது பதினாறு, பதினேழு இருக்கும். கை கால் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. வாயும் கேட்காது, நாலைந்து வார்த்தைதான் வரும். சிரிப்பு மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் வரும். பள்ளியில் காலை மணி அடிப்பது அவளுடைய வேலை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே எட்டுகிற மாதிரி ரோசா டீச்சர் ஒரு கயிறு கட்டிக் கொடுத்திருந்தார். அந்தக் கயிற்றைப் பிடிக்கக் கை நாலு தடவை தப்பும், ஐந்தாம் தடவை பிடித்துவிடுவாள். அதுவரை மற்ற பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

போன கோடை விடுமுறையில் அந்த வேனுக்கு ஆயுசு முடிந்துவிட்டது. இனிமேல் இதை ரோட்டில் ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளி திறந்ததும் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளையும், தூக்கி வரக்கூடிய சின்னப் பிள்ளைகளையும் அம்மாக்கள் கொண்டுவந்து விட்டார்கள். குருசுக்குப்பத்தில் இருந்தும் மார்க்கெட் பக்கத்தில் இருந்தும் வருகிற பெரிய பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஹிபாவை யார் தூக்குவது? பாய்க்கு அறுபது தாண்டிவிட்டது, அக்தர் பேகத்துக்கு முதுகுவலி. ஆட்டோவில் அவளை ஏற்றினால் நாற்காலி ஏறாது, நாற்காலியை ஏற்றினால் அவள் ஏற முடியாது.

"காலையில எழுந்ததும் ஷூ போடச் சொல்லி கால நீட்றாக்கா" என்று அக்தர் பேகம் என்னிடம் சொன்னாள். "போட்டுவுட்டு வாசல்ல தள்ளி வுட்டா அங்கயே உக்காந்துக்குறா. மத்தியானம் சாப்பாட்டுக்கு கூப்புட்டாதான் உள்ள வர்றா. வண்டி வராதும்மான்னு எத்தினி தபா சொல்றது?"

அப்படித்தான் புது வேன் வாங்க ஊர் கூட்டிப் பணம் திரட்டுவது என்று கமிட்டி முடிவு செய்தது.

கமிட்டித் தலைவர் ஜோசப் ஆனந்த். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். நேரில் முசே என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அவர் ஒரு கெர்மெஸ் நடத்தலாம் என்றார்.

"எங்க சின்ன வயசுல கோயில் வளாகத்துல நடக்கும். வளையம் எறியறது, அதிர்ஷ்டச் சீட்டு, கேக்குக் கடை, எல்லாம் டிசிப்ளினா ஒரு வரிசையில."

பெற்றோர் சார்பில் கமிட்டியில் இருந்த கமருஸ்ஸமான் பாய் தலையைச் சொறிந்தார். "முசே, வளையம் எறிஞ்சு சோப்பு டப்பா வாங்கறதுக்கு உழவர்கரை வரைக்கும் யாரு வருவாங்க? சோறு போடுவோம். கல்யாண சோறு. மண்டபம், பந்தி, பத்திரிகை, பன்னீர் எல்லாம் வச்சு. பொண்ணு மாப்பிள்ளை மட்டும்தான் இருக்க மாட்டாங்க."

நல்ல யோசனை. கல்யாணச் சோறு சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் போகிற பழக்கம் நம் ஆட்களுக்குக் கிடையாது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிற வழியில் மொய் மேஜையைப் போட வேண்டும், அப்போதுதான் ஒருவரும் தப்ப முடியாது என்று நான் சொன்னேன். முசே என்னை மெச்சுதலோடு பார்த்தார். ராணுவத்தில் இருந்திருக்க வேண்டியவள் நான் என்றார்.

வேலை மளமளவென்று நடந்தது. முசேயின் தங்கை தன்னுடைய மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கொடுத்தார். அரிசி தெருவுக்கு ஒரு மூட்டை என்று சேர்ந்தது. மார்க்கெட் கறிக்கடைக்காரர்கள் கறிக்குப் பொறுப்பேற்றார்கள். பிரியாணிக்கு அக்தர் பேகம், அவளுக்குத் துணையாக ரோசா டீச்சர். அழைப்பிதழ் அச்சடிப்பது பாயின் செலவு. 'துணைக்கை பள்ளிக் குழந்தைகள் அன்புடன் அழைக்கும் விருந்து' என்று தலைப்பு, உள்ளே வேனைப் பற்றி நாலு வரி, கீழே தேதி, மண்டபம், நேரம். அச்சுக்குப் போகும் முன் நாங்கள் நாலு பேரும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தோம். ரோசா டீச்சர் விட்டுப்போன ஒரு 'ப்'பைக்கூடக் கண்டுபிடித்துச் சேர்த்தார். பத்திரிகைகள் மார்க்கெட், குருசுக்குப்பம், உழவர்கரை என்று எல்லாப் பக்கமும் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் வெங்காயம் கேட்கலாம் என்று மண்டி பிரேம்குமாரிடம் போனேன். அவர் வெங்காயம் தருவதாக உடனே ஒப்புக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பெரிய மனசும்மா உங்களுக்கு. இந்த காலத்துல யாரு ஒண்ணும் வேணாம், வந்து சாப்ட்டு மட்டும் போங்கன்னு கூப்புட்றாங்க?" என்றார்.

"யாரு வேணாம்னது?"

அவர் கல்லாவில் இருந்து பத்திரிகையை எடுத்து நீட்டினார். நான் மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். நேரத்துக்குக் கீழே, பார்டருக்கு மேலே, பொடி எழுத்தில், அன்பளிப்பு தவிர்க்கவும்.

பத்திரிகையில் நாம் எதைப் படிக்கிறோம்? பெயர், தேதி, மண்டபம். அந்த வரி எல்லாப் பத்திரிகையிலும் இருக்கிற வரி. கண் அதைப் பார்க்கும், படிக்காது. பாய் கம்ப்யூட்டரில் பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து, மேலே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார். அடியில் இருந்த அந்த ஒரு வரியை அழிக்க அவர் கைக்கு எந்த நாளும் பழக்கமில்லை.

நான் நேரே அச்சகத்துக்குப் போய்ப் பத்திரிகையை அவர் முன்னால் போட்டேன். படித்தார். மெஷினை நிறுத்தினார். ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்கு நான் நிறைய யோசித்துக்கொண்டு போயிருந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பைத்தான் எடுத்து நீட்டினேன்.

"என் பொண்ணு வண்டிக்கு நானே தடுப்பு போட்டுட்டேனே பார்வதிம்மா" என்றார்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. முசே கொதித்தார், அப்புறம் அடங்கினார், அப்புறம் வழி சொன்னார். ஒரு சின்னத் திருத்தச் சீட்டு அச்சடிப்பது. 'அழைப்பிதழில் தவறுதலாக இடம்பெற்ற கடைசி வரியைப் பொருட்படுத்த வேண்டாம்' என்று நாகரிகமாக. பத்திரிகை கொடுத்த இடத்துக்கெல்லாம் அவரவர் திரும்பப் போய்ச் சீட்டைக் கொடுத்துவிட வேண்டியது. எல்லோரும் சரி என்றோம். பாயும் சரி என்றார்.

மறுநாள் காலை சீட்டுக் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பாயும் நானும் மார்க்கெட்டுக்குப் போனோம். முதலில் எதிர்ப்பட்டது அம்மாவாசை. மண்டியில் இருந்து காய்கறி ஏற்றிக் கடைகளுக்கும் காலனிகளுக்கும் கொண்டுபோகிற ஆள். ஊரில் குட்டியானை என்கிறோமே, அந்தச் சின்ன லோடு வண்டி அவனுக்குச் சொந்தம். சொந்தம் என்றால் தவணை முடியாத சொந்தம். பாயைப் பார்த்ததும் கோஸ் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தான்.

"பாய், ஞாயித்துக்கிழம நாங்க குடும்பத்தோட வர்றோம். உன் பத்திரிகைய என் பொண்டாட்டி சாமி படத்தாண்ட வச்சிருக்குது."

"சரிப்பா" என்றார் பாய். கை பைக்குள் போனது.

"நம்மள யாரு பாய் பத்திரிகை வச்சு கூப்புட்றாங்க? கூப்புட்டாலும் மொய் இல்லாம எப்படி போறது? எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு ஊட்லயே இருந்துக்குறது. நீதான் கீழ தெளிவா போட்டுட்டியே. புள்ளைங்க ரெண்டும் பிரியாணி பிரியாணின்னு ஒரே கூத்து."

பையில் போன கை அங்கேயே இருந்தது. நான் பாயை முழங்கையால் இடித்தேன். அவர் வெறும் கையை வெளியே எடுத்து அம்மாவாசையின் தோளில் வைத்து, "நேரத்தோட வந்துடு. மொத பந்தியிலயே உக்காந்துடு" என்றார்.

அதற்குமேல் ஒரு சீட்டையும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. என்னையும் கொடுக்க விடவில்லை, முசேக்கும் ரோசா டீச்சருக்கும் போன் போட்டு அவர்களையும் நிறுத்தச் சொன்னார். பூக்கடைகள் வரைக்கும் பொறுத்துக்கொண்டு வந்தேன், அதற்கப்புறம் பொறுக்க முடியவில்லை.

"பாய், தானம் பண்றதுக்கு இதுவா நேரம்? உங்க பொண்ணுதான வாசல்ல ஷூ போட்டுக்கினு உக்காந்திருக்கு?"

"தெரியும் பார்வதிம்மா."

"தெரிஞ்சுமா?"

அவர் ஒரு பூக்கடை ஓரமாக நின்றார். "எங்க அண்ணன் ஸாகிப் என் கல்யாணத்துக்கு வரல. காய்ச்சல்னு சொல்லி வுட்டாரு. எனக்கு ஒரே கோவம். ரெண்டு மூணு வருஷம் பேசவே இல்ல. அப்புறந்தான் தெரிஞ்சுது, அன்னிக்கு மண்டபத்துக்கு எதுத்தாப்ல டீக்கடையில நின்னு பாத்துட்டு போயிருக்காரு. கூடப் பொறந்த அண்ணன், மோதரம் போடணும். கையில ஒண்ணும் இல்ல. வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு போயிட்டாரு." பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "வாங்கன்னு அச்சடிச்சு கூப்புட்டுட்டு, வர்றவன வாசல்லயே திருப்பியனுப்ப எனக்கு வராதும்மா."

அத்தனை வருஷம் அந்த வரிக்காக ஊரோடு மல்லுக்கு நின்றதன் காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் என் கோபம் முழுசாகப் போகவில்லை. மனசு நிறைந்தால் போதுமா, வேன் எங்கிருந்து வரும்?

"வண்டிக்கு என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"வண்டி இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வாங்கிடலாம். ஆளுங்கள எங்க போயி வாங்குறது? எனக்கும் அக்தருக்கும் வயசாயிடுச்சு. நாங்க இல்லாத அன்னிக்கு அவள யாருக்குத் தெரியும்? நாலு பேரு வரட்டும். வந்து அவள பாக்கட்டும்" என்றார் பாய்.

அவர் சொன்னது நியாயம்தான். அடுத்தவர் சொல்வது நியாயமாக இருந்தால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாகும். வழி முழுக்க அவருக்கு நாலடி முன்னாலேயே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மொய் மேஜை போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார் பாய். பத்திரிகையில் ஒன்று போட்டுவிட்டு மண்டபத்தில் ஒன்று செய்வதா என்றார். முசே தோளைக் குலுக்கிவிட்டுப் பந்தி ஒழுங்கைக் கவனிக்கப் போய்விட்டார். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் பக்கத்தில் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு எதிரே ஹிபா. பச்சைப் பட்டுப் பாவாடை, தலையில் வெள்ளைத் துப்பட்டா. வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்பது அவள் பொறுப்பு. செம்பை அவள் விரல்களில் ஒரு துணியால் கட்டிவிட்டிருந்தாள் அக்தர் பேகம். தெளிப்பதற்கு ஹிபாவின் கை எழும்பும், எங்கேயோ போகும், திரும்பி வரும், திடீரென்று ஒரு வீச்சு. வந்தவர் முகம், சட்டை எல்லாம் நனைந்துவிடும். ஹிபா சிரிப்பாள். முதலில் திடுக்கிட்டவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் தாங்களும் சிரித்தார்கள். மண்டி பிரேம்குமார் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், பாதிச் செம்பு அவருக்கே போய்விட்டது. அம்மாவாசையின் பிள்ளைகள் இரண்டு முறை வெளியே போய் மறுபடி உள்ளே வந்தார்கள், நனைவதற்காகவே.

இவ்வளவு கூட்டம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. குருசுக்குப்பத்தில் இருந்து மீன்காரக் குடும்பங்கள் வந்தன. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் துவைத்த சட்டையோடு வந்தார்கள். கல்யாணம் காட்சிக்குப் போய்ப் பழக்கமில்லாத முகங்கள் நிறைய இருந்தன, எங்கே உட்காருவது என்று தயங்கி நின்றார்கள். பாய் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் இலைக்கு முன்னால் உட்கார வைத்தார். கடைசிப் பந்திக்குப் பிரியாணி தேக்சாவில் கறி தீர்ந்துவிட்டது, வெறும் குஸ்காதான். அக்தர் பேகம் வெட்கப்பட்டு அழுதே விட்டாள். சாப்பிட்டவர்கள் அவளைச் சமாதானப்படுத்தினார்கள்.

சாப்பிட்டு முடித்தவர்கள் போகவில்லை. கை கழுவிவிட்டு வந்து, எதையோ தொலைத்த மாதிரி அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரேம்குமார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மொய் எங்கம்மா எழுதுறீங்க?"

"பத்திரிகையைப் படிச்சுட்டு நீங்கதான என்னைப் பெரிய மனசுன்னு சொன்னீங்க?" என்றேன்.

"அது சரி. அதுக்காவ சாப்ட்டுட்டு சும்மா எழுந்து போறதா?"

"பாய்கிட்ட கேளுங்க."

பாய் இரண்டு கையையும் கூப்பி, "வந்ததே போதும்ங்க, போட்டது போட்டதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரேம்குமாருக்கு ஒரே எரிச்சல். அப்போது அம்மாவாசை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பின்னால் இருந்து அவன் பெண்டாட்டி அவன் முதுகில் விரலால் குத்திக்கொண்டே வந்தாள்.

"பாய், அன்பளிப்புதான வேணாம்னு போட்டிருக்க? முறை செய்யக் கூடாதுன்னு போடலியே?"

பாய்க்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. எனக்கும் ஓடவில்லை. விசேஷ வீட்டுக்குச் சொந்தபந்தம் கொண்டுவருகிற சீர், மொய் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கம் முறை என்றுதான் பெயர். அன்பளிப்பு என்பது பத்திரிகையில் மட்டும் வருகிற வார்த்தை. யாரும் வாயால் சொல்வதில்லை.

"என்னப்பா முறை செய்யப் போற?" என்றார் பாய்.

"கையில காசு இல்ல, அது உனக்கே தெரியும். வண்டி இல்லாம இந்தப் பொண்ணு ஊட்லயே உக்காந்துக்கினு இருக்குதாமே. திங்கக்கிழம காலையில எனக்கு லோடு கம்மி. என் வண்டியில முன்னாடி சீட்டுல பொண்ண உக்கார வச்சுக்குறேன், வீல்சேர பின்னாடி போட்டுக்குறேன். திங்கக்கிழம என் முறை. எழுதிக்கோ."

எழுதிக்கொள்ள என்னிடம் நோட்டு ஏது? மேஜையே போடவில்லையே. பாயின் பையில் நாலு நாளாகச் சும்மா கிடந்த திருத்தச் சீட்டுகளை எடுத்தேன், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. 'திங்கள், அம்மாவாசை' என்று எழுதினேன். அவன் பெண்டாட்டி குனிந்து நான் எழுதுவதைச் சரிபார்த்தாள். படிக்கத் தெரியுமா தெரியாது, ஆனால் பார்த்தாள்.

அதற்கப்புறம் எனக்குக் கை வலி வந்துவிட்டது. குருசுக்குப்பத்து மீன்காரர் ஒருவர் செவ்வாய்க்கிழமை தன் பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வருவதாகச் சொன்னார். ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் ஆளையும் ஒருவர் நாற்காலியையும் ஏற்றிக்கொள்வது என்று புதனையும் வியாழனையும் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை முசேயின் கார். பிரேம்குமார் என் முன்னால் வந்து நின்று, "நான் மட்டும் இன்னா, முறை தெரியாதவனா?" என்று சட்டைப் பையில் கையை விட்டார். பணமாகத்தான் எடுத்தார். முறை என்று சொல்லிக் கொடுப்பதை எப்படி மறுப்பது? பாயைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தார், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வார்த்தை கிடைத்ததும் என் கைப்பை தானாகத் திறந்துகொண்டது. இருக்கிறவர்கள் எல்லோரும் முறை செய்தார்கள். இல்லாதவர்கள் யாரும் தலையைக் குனிந்துகொண்டு போகவில்லை, ஏதோ ஒரு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். வேனைக் கழுவித் தருவதாக ஒருவர் எழுதிவிட்டுப் போனார், வேனே இல்லாதபோது.

முழுப் பணமும் அன்றைக்கே சேர்ந்துவிடவில்லை. அடுத்த வாரங்களில் ஆட்கள் அச்சகத்துக்கு வந்து முறை என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். மீதியை முசே தன் பழைய ராணுவ நண்பர்களிடம் விடாமல் போன் பண்ணிப் பிடுங்கினார். தீபாவளிக்கு முந்தின வாரம் வேன் வந்தது. பின்னால் சக்கர நாற்காலி அப்படியே ஏறுகிற பலகையோடு, வெள்ளை நிறத்தில். அதுவரை ஒருநாளும் முறை தவறவில்லை. ஹிபா தினமும் பள்ளிக்கு வந்தாள், திங்கட்கிழமைகளில் கோஸும் கத்தரிக்காயும் பின்னால் வர.

வேன் ஓடத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. பொருளாளர் என்ற முறையில் முதல் சவாரியில் நானும் ஏறிக்கொண்டேன். பாய் வீட்டுச் சந்துக்குள் திரும்பி டிரைவர் ஹாரன் அடித்தான். ஹிபா வாசலில் தயாராக இருந்தாள். டிரைவர் இறங்கிப் பலகையை விரித்தான். அக்தர் பேகம் நாற்காலியைத் தள்ளினாள். ஹிபா கையை எப்படியோ கொண்டுபோய்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள்.

"இன்னாம்மா ஹிபா, புது வண்டிடா, உனக்குத்தான்" என்றேன்.

மறுபடி தலையை ஆட்டிவிட்டுச் சந்து முனையைப் பார்த்தாள். "மா... மா" என்றாள்.

அவளுக்கு அந்த வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியாது. அக்தர் பேகத்துக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்த வீட்டில் மாமா என்று கூப்பிட ஆளே கிடையாது. நான் திரும்பினேன். குட்டியானை சந்துக்குள் வந்துகொண்டிருந்தது.

"நீ கெளம்புப்பா, மத்த பசங்கள ஏத்திக்கினு போ" என்று பாய் வேன் டிரைவரிடம் சாவகாசமாகச் சொன்னார். "திங்கக்கிழம பொண்ணு அது மாமன்கூட வந்துடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரே சேர்ந்து வாங்கிய வேன், அதில் ஓர் இடம் காலியாகப் போக, இவள் கோஸ் மூட்டையோடு போவதா? அம்மாவாசை அதற்குள் இறங்கி, ஹிபாவைத் தூக்கி முன் சீட்டில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, துப்பட்டாவைச் சரிசெய்து, "போலாமா மருமவளே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் சிரித்த சிரிப்பில் நான் வாயை மூடிக்கொண்டேன். வண்டி கிளம்பியது. பின்னால் சக்கர நாற்காலி முட்டைக்கோஸ்களுக்கு நடுவில் கவிழ்ந்து கிடந்தது.

பாய் அது சந்து முனையில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேத்து சாயங்காலம் போன் பண்ணான் பார்வதிம்மா. வண்டி வந்தா இன்னா, திங்கக்கிழம என்னுதுதான்னான்." என் பக்கம் திரும்பினார். "இவ பொறந்ததுலேந்து படுத்தா ஒரே நெனப்புதான். நாங்க போயிட்டா இவள யாரு கூட்டிக்கினு போவாங்க, யாரு கூட்டியாருவாங்கன்னு. நேத்து படுத்தேன். படுத்ததும் தூங்கிட்டேன்."